அட்டாலிப் பெட்டி

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?

சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். பித்தளை அண்டா, கொலுப்படிப் பலகை, பிள்ளைகளின் பழைய தொட்டில் என்று முன்வரிசையைத்தான் சொல்வீர்கள். அதற்கும் பின்னால், கை எட்டாத மூலையில், ஒரு தகரப் பெட்டி இருக்கும். "மாமனார் காலத்துக் காகிதம்" என்று அதற்கு ஒரு பெயர். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிக்கும்போது அதன்மேல் நம் பார்வை விழும். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தத் தடவை போகியில் போட்டுவிட்டால்தான் என்ன?" என்று ஒரு யோசனை பிறக்கும். அந்த யோசனையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

சென்ற மாதம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்காகக் கொமரலிங்கம் போயிருந்தேன். திருப்பூர் ஜில்லா என்றதும் உங்களுக்குப் பனியன் கம்பெனியும் தறிச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜில்லாவின் தென்கோடியில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் அந்த ஆரவாரம் இல்லை. நெல் வயல், தென்னந்தோப்பு, நடுவே ராஜவாய்க்கால். அமராவதி அணை கட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஆற்றிலிருந்து கல்லாபுரம், கொமரலிங்கம், கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஊர் ஊராக வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். பழமையான ஊர் என்றால் பழமையான வீடுகளும் இருக்கும் அல்லவா? சிநேகிதியின் பாட்டி வீடு அப்படிப்பட்டது. ஓட்டு வீடு, முன்புறம் திண்ணை. ஓட்டைப் பிரித்துவிட்டு மெத்தை போடப் போகிறார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்றுதான் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பரணுக்கு அங்கே அட்டாலி என்று பெயர்.

அட்டாலியிலிருந்து இறங்கியது ஒரு தகரப் பெட்டி. சிநேகிதியின் தம்பி பூட்டை உடைத்தான். எண்பதைத் தாண்டிய பாட்டி, அவர்கள் வழக்கப்படி ஆத்தா, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

உள்ளே என்ன இருந்தது என்கிறீர்களா? முத்திரைத் தாளில் எழுதிய கிரயப் பத்திரங்கள். பசலி போட்ட வரி ரசீதுகள். நாலைந்து மொய் நோட்டுகள். சிவப்புத் துணியில் சுற்றிய ஓர் ஓலைக் கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய செய்தித் தாளில் மடித்து வைத்த சில புகைப்படங்கள்.

ஓலைக் கட்டைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலேஜில் தமிழ் படித்தவளின் புத்தி எங்கே போகும்? காணாமற்போன காவியம் ஒன்று கொமரலிங்கத்தில் அகப்பட்டுவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் நெடில் வேற்றுமை பல இடத்தில் கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. நாலு ஓலையைச் செல்போனில் படம் பிடித்து, ஏடு படிக்கத் தெரிந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, புகைப்படங்களின் பக்கம் திரும்பினோம்.

பெரிய படம் ஒன்று. ஆத்தாவின் கல்யாணத்தின்போது எடுத்தது. விகாரி வருஷம் தை மாதம், அதாவது 1960. "அணை கட்டி ரண்டு மூணு வருசம் இருக்கும், அம்மணி. படம் புடிக்கறவரு உடுமலையிலிருந்து பெட்டியோட மாட்டு வண்டியில வந்தாரு" என்றார் ஆத்தா. வாசலில் ஜமுக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, பதினொரு பேரை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். படத்தின் பின்புறம் வெறுமை. ஒரு பெயர் இல்லை.

ஆத்தாவின் மடியில் படத்தை வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். மாமனார், மாமியார், மூத்தார், ஓரகத்தி, தாய்மாமன்... ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. ஒருவர் சந்தையில் மாடு வாங்கி ஏமாந்த கதைக்கு எல்லோரும் சிரித்தோம். விரல் வலக்கோடிக்கு வந்து நின்றது. அங்கே பாவாடை கட்டிய ஒரு சிறு பெண், பத்து வயது இருக்கும், படம் எடுப்பவரைப் பாராமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது யாருங்க ஆத்தா?"

வெகுநேரம் பார்த்தார். "தெரியலையே கண்ணு. எங்க ஓரகத்தி இருந்தாச் சொல்லியிருப்பா. போன தைக்குத்தான் போனா."

ஒரு வருஷ வித்தியாசம், பாருங்கள்! போன தைக்கு முன்னால் இந்தப் பெட்டி இறங்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்திருக்கும்.

பெட்டியில் இருந்த கிரயப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தேன். வயலின் நாலு பக்க எல்லையும் சுத்தமாக எழுதியிருக்கிறது. கிணற்றில் எத்தனை பங்கு, தென்னை எத்தனை மரம், வாய்க்கால் தண்ணீர் எந்த மடையிலிருந்து, எல்லாம் பிசகில்லாமல் இருக்கிறது. வீட்டுப் பெண்களோ, ஏதாவது ஒரு பாகத்தில் கைநாட்டு வைக்க வேண்டி வந்தாலொழியத் தலை காட்டுவதில்லை. மொய் நோட்டும் அப்படியே. இன்னார் இரண்டு ரூபாய், இன்னார் ஒரு வேஷ்டி என்று ஆண்கள் பெயரிலேயே பக்கம் பக்கமாகப் போகிறது. பெண்கள் இருப்பதெல்லாம் ஜாதகத்திலும் புகைப்படத்திலும்தான். அந்த இரண்டைத்தான் முதலில் எரிக்கிறோம்!

"யார் வீட்டுப் பாட்டி படமோ, அது சரித்திரம் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் பெரிய பெரிய நூல் நிலையங்கள் எப்படி உண்டாயின என்று பார்த்தால், அநேகமாக எல்லாமே இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்து உண்டானவைதான்.

கொங்கு நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியார் காலத்தில் காலின் மெக்கன்ஸி என்று ஒரு துரை. நில அளவை அதிகாரி. 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக ஆனவர். 1821-இல் காலமானார். நிலத்தை அளந்ததோடு நில்லாமல், உதவிக்கு நம்மவர்களை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பாளையக்காரர் வமிசாவளி, கோயில் கதை, பட்டயம் என்று எழுதி வாங்கிச் சேர்த்தார். அந்தக் குவியலில் ஒன்றுதான் 'கொங்கு தேச ராஜாக்கள்' என்ற சுவடி. கொங்கு நாட்டுச் சரித்திரம் எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும், ஒப்புக்கொள்வதற்காவது மறுப்பதற்காவது, அந்தச் சுவடியைத் தொடாமல் போக முடியவில்லை. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அந்தச் சேகரத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

நம் நாளில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு இருந்தார். 2023-இல் மறைந்தார். கல்வெட்டு, செப்பேடு, ஓலை ஆவணம் என்று கொங்கு முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கியவர். அவர் தொகுத்த 'கொங்கு சமுதாய ஆவணங்கள்' என்ற நூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அரண்மனை ஓலைகள் அல்ல அவை. குடும்பங்களும் மடங்களும் ஊர்களும் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை. எந்தக் காலத்திலோ ஒரு வீட்டு அம்மாள் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அட்டாலியிலேயே விட்டு வைத்ததால் அகப்பட்டவை என்றே நான் நினைக்கிறேன்.

விட்டு வைக்காத கதையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தபோது கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். ஒரு காலத்தில் அங்கே ஏராளமான ஏடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் பண்ணிவிட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம், அப்படியே பண்ணிவிட்டார்களாம்! பக்தி சிரத்தையோடுதான் செய்தார்கள். ஆடிப் பெருக்கில் ஏட்டுக் கட்டுகளை ஆற்றில் விட்டவர்களும் அப்படித்தான். நாமும் போகியன்று பக்தி சிரத்தையோடுதானே கொளுத்துகிறோம்?

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை. புத்தகம் மட்டுமா? கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பழைய பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் சேர்த்து வைத்தார். அந்த வீட்டில் சமையலறைக்கு இடம் இருந்ததா என்று கேட்கத் தோன்றும் நமக்கு. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. தரமணியில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் சுமார் ஒரு லட்சம் உருப்படி.

புகைப்படத்தின் மதிப்புக்கு வேறொரு கதை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-லிருந்து நடக்கிறது. சைவ ஓலைச் சுவடிகளுக்குப் பேர் போன இடம். 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் அந்தச் சுவடிகள் ஏறின. அந்த நிறுவனத்தார் பல வருஷங்களாகக் கோயில் கோயிலாகப் போய் விக்கிரகங்களைப் படம் பிடித்து, எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தி என்று குறித்து வைத்தார்கள். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்று ஓர் ஊர். அந்தக் கோயில் நடராஜர் களவு போய்விட்டார். கை மாறிக் கை மாறி, 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிச்சாலையில் கோடிக்கணக்கில் விலை பெற்று நின்றார். "இவர் எங்கள் ஊர்க்காரர்" என்று எப்படி நிரூபிப்பது? பாண்டிச்சேரிப் படம் இருந்தது! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே விக்கிரகத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். படத்தை எடுத்தவர் அதைப் பெயரும் ஊரும் குறிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழகான நடராஜர் படம் ஒன்று கையில் இருக்கும். நடராஜர் இருந்திருக்க மாட்டார்.

கோயில் படம் மட்டுமல்ல. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த குடும்பப் படங்களையும் இதே நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். மணமக்கள், கையில் புத்தகம் வைத்த பெண், பொம்மையோடு குழந்தை என்று நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அதே ரகம்தான். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம், அசல் நம் நாட்டிலேயே இருந்துவிடும் என்பது. பிரதிதான் போகும். எனவே "கொடுத்தால் திரும்பி வருமா?" என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள். உடுமலையில் வரலாற்று ஆய்வு நடுவம் இருக்கிறது. திருப்பூரில் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையம் இருக்கிறது. கல்வெட்டும் வீரக்கல்லும் தேடி வெயிலில் அலைகிறவர்கள் உங்கள் பெட்டியைப் பார்க்க மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள்?

கொமரலிங்கத்துப் பெட்டியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். சிநேகிதியின் தம்பி நல்ல பையன், சுறுசுறுப்பு அதிகம். "படத்தையெல்லாம் லேமினேஷன் போட்டுடலாங்க அக்கா, நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று எடுத்துக்கொண்டு கிளம்பினான். தடுத்து நிறுத்தினேன். சூடு காட்டிப் பிளாஸ்டிக் ஒட்டினால் மறுபடி பிரிக்க வழி கிடையாது. படம் உள்ளேயே கெடும். செலோடேப்பும் அதே ஆபத்து. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி ஊறிவிடும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே பிரதி எடுப்பதுதான் உத்தமம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனி வெள்ளைத் தாள் உறையில் போட்டு, ஓட்டுச் சூடு இறங்காத, ஈரம் ஏறாத அலமாரியில் வைத்தால் போதும். பெயர் எழுதுவதற்குப் பேனா வேண்டாம், மை ஊறி முகத்தில் வந்து நிற்கும். மெல்லிய பென்சிலால், பின்புறத்து ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் உறையின் மேல் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியில் எது எதோடு சேர்ந்து இருந்ததோ, அதை அப்படியே சேர்த்து வையுங்கள். ஓலை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம் என்று பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். அது ஏன் கூடாது என்பது எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கிற்று.

இரண்டு நாள் கழித்துத் தமிழாசிரியர் டெலிபோனில் கூப்பிட்டார். காவியமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜாதகக் கட்டு! என் முகம் விழுந்ததைப் பார்த்து ஆத்தா சிரித்துவிட்டார். "நம்ம வூட்ல சாதகந்தான் இருக்கும், ராமாயணமா இருக்கும்?" என்றார்.

ஆனால் ஆசிரியர் விடவில்லை. "மேலே இருந்த ஓலை ஒரு பெண் குழந்தையின் ஜாதகம். விரோதி வருஷம் மார்கழி மாதம். பெயர் இல்லை, புத்திரி ஜனனம் என்று மட்டும் இருக்கிறது" என்றார்.

இங்கே ஒரு சங்கடம். நம் தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. விரோதி 1889-இலும் வந்தது, 1949-இலும் வந்தது. இந்தப் பெண் ஆத்தாவின் மாமியாருக்கு மாமியாரா, அல்லது ஆத்தாவைவிடச் சின்னவளா? ஊர் ஜோசியரிடம் கட்டத்தைக் காட்டினோம். அவர் சொன்னது எனக்குப் புதிது. அறுபது வருஷத்தில் சனி ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். இரண்டு மார்கழியிலும் சிம்மம்தான். அவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ராகு அப்படி அல்ல. 1889 மார்கழியில் மிதுனத்தில் இருந்தார். 1949 மார்கழியில் மீனத்தில். "உங்க ஓலையில ராகு மீனத்துல இருக்காருங்க" என்றார் ஜோசியர்.

ஜோசிய பலனில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றிற்று. 1949-இன் கடைசியிலோ 1950-இன் ஆரம்பத்திலோ அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. 1960 தை மாதம் அதற்கு வயது பத்து.

ஓடிப் போய் ஆத்தாவிடம் சொன்னேன். படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"அப்ப எங்க பெரிய நாத்தனார் புள்ளையாத்தான் இருக்கோணும்" என்றார் மெதுவாக. "தலைச்சன் பிரசவம் தாய் வூட்லதானே? இந்த வூட்லதான் பொறந்திருக்கும். நான் வந்து ஒரு வருசத்துல அவங்க குடும்பத்தோட கொள்ளேகாலம் பக்கம் போயிட்டாங்க. அதுக்கப்புறம் போக்குவரத்து விட்டுப்போச்சு."

"பேர் என்னங்க ஆத்தா?"

"பாப்பா. பாப்பான்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க." சற்று நேரம் யோசித்தார். "பள்ளிக்கூடத்துப் பேரு வேற ஒண்ணு இருந்திருக்கும். எனக்குத் தெரியலையே, அம்மணி."

இருந்தால் அந்தப் பாப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். கொள்ளேகாலம் பக்கம் உறவுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சிநேகிதி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். படத்தின் பின்புறம் பத்துப் பேரின் பெயரையும் ஆத்தா சொல்லச் சொல்ல நான்தான் பென்சிலால் எழுதினேன். பதினொன்றாவதாக, "வலக்கோடி: பாப்பா, பெரிய நாத்தனாரின் மகள், பிறப்பு விரோதி மார்கழி" என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.